மெல்பர்னில் தம்பியின் பாதுகாப்பு விசாவைத் தீர்ப்பாயமும் மறுத்துவிட்டது, கோர்ட்டுக்குப் போக 16 நாள்தான் இருக்கிறது

கலா_வளசரவாக்கம் | சனி, 25 அக்டோபர் 2025, இரவு 9:10

வணக்கம். நாங்கள் 2008இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தவர்கள். கடைசித் தம்பி மட்டும் அம்மம்மாவோடு அங்கேயே இருந்துவிட்டு, 2017இல் மாணவர் விசாவில் மெல்பர்ன் போனான். 2019இல் அகதிகளுக்கான பாதுகாப்பு விசா கேட்டான். குடிவரவுத் துறை மறுத்தது. தீர்ப்பாயத்துக்குப் போனான். செப்டம்பரில் விசாரணை நடந்தது, இந்த மாதம் அங்கேயும் மறுத்துவிட்டார்கள். முடிவு வந்த மின்னஞ்சலில் 6ஆம் தேதி இருக்கிறது. 35 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம் என்கிறார்கள். ஆக இன்னும் 16 நாள்.

கோடம்பாக்கத்தில் விசா வேலை பார்க்கும் ஒருவரிடம் அம்மா போய் வந்தார். கோர்ட்டில் வழக்கைத் திரும்ப முதலிலிருந்து விசாரிப்பார்கள், புதிய ஆதாரம் போட்டால் ஜெயித்துவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஊரிலிருந்து கிராம சேவகர் கடிதம், கோயில் குருக்கள் கடிதம், சென்னையில் ஒரு டாக்டர் சான்றிதழ், எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து மனுவும் எழுதித்தர ரூ. 1,80,000 கேட்கிறார். அம்மா வளையலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். நான்தான் திங்கள் வரை பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாரிமுனை_வக்கீல் | சனி, இரவு 10:02

முதலில் அந்த வளையலை எடுத்து அம்மா கையில் திரும்பப் போடுங்கள்.

ஆஸ்திரேலியச் சட்டத்தில் நான் தொழில் செய்கிறவன் அல்ல. ஆனால் இருபது வருடமாக ரிட் மனு போட்டுக்கொண்டிருக்கிறேன், இதுவும் அந்த வகைதான். நம் ஊர் உதாரணத்தோடு சொல்கிறேன். தாசில்தார் உங்கள் பட்டாவை ரத்து செய்துவிட்டார், நீங்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுகிறீர்கள். நிலம் யாருடையது என்று நீதிபதி பார்ப்பாரா? மாட்டார். தாசில்தார் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தாரா, நீங்கள் கொடுத்த பத்திரத்தைப் பார்த்தாரா, தனக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டாரா என்றுதான் பார்ப்பார். தப்பு இருந்தால் உத்தரவை ரத்து செய்து, திரும்ப விசாரி என்று அதே அலுவலகத்துக்கு அனுப்புவார். பட்டாவைத் தன் கையால் எழுதித்தர மாட்டார்.

மெல்பர்னிலும் அப்படித்தான். உங்கள் தம்பி சொன்னது உண்மையா பொய்யா என்று நீதிமன்றம் கேட்காது, விசாவும் கொடுக்காது. தீர்ப்பாயம் சட்டப்படி முடிவெடுத்ததா என்பது மட்டுமே கேள்வி. ஆகையால் தீர்ப்பாயத்தின் முன்னால் இல்லாத கிராம சேவகர் கடிதத்தை இன்று வாங்கி நீட்டினால், அது நிஜமான கடிதமாகவே இருந்தாலும், நீதிபதி அதைத் தொடக்கூட மாட்டார். நிஜமில்லாத கடிதமாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

போரூர்_ராஜன் | சனி, இரவு 10:40

வக்கீல் சார் பயமுறுத்துகிறார். ஆஸ்திரேலியாவில் பிலோயலா என்ற ஊரில் இருந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஞாபகம் இல்லையா? விமானம் ஏறிய பிறகும் கோர்ட் உத்தரவு போட்டு இறக்கினார்களே. கடைசியில் நிரந்தர விசாவே கிடைத்தது. கோர்ட் நினைத்தால் எல்லாம் முடியும்.

மெல்பர்ன்_மூர்த்தி | ஞாயிறு, 26 அக்டோபர், காலை 6:25

ராஜன், பாதிதான் சரி. 2019 ஆகஸ்டில் நள்ளிரவில் நீதிபதி தடை உத்தரவு போட்டதும் விமானம் டார்வினில் இறங்கியது. அதன் பிறகு அந்தக் குடும்பம் கிறிஸ்துமஸ் தீவில் அடைக்கப்பட்டிருந்தது. நிரந்தர விசா வந்தது 2022 ஆகஸ்டில், அதுவும் மே மாதம் ஆட்சி மாறிய பிறகு, குடிவரவு அமைச்சர் கையெழுத்தில். கோர்ட் அவர்களுக்குச் சம்பாதித்துத் தந்தது நேரம். அந்த நேரத்துக்குள் ஒரு ஊரே அவர்களுக்காகத் தெருவுக்கு வந்தது. எல்லோருக்கும் ஒரு பிலோயலா கிடைக்காது.

கலா தங்கச்சி, மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க நான் இப்போது தி. நகரில் நிற்கிறேன், ஆகையால் சுருக்கமாகத்தான் எழுத முடியும் என்று நினைத்தேன். உங்கள் பதிவில் ஒரு வரி தூங்க விடவில்லை. மின்னஞ்சல் 6ஆம் தேதி வந்தது என்கிறீர்கள். 35 நாள் என்பது மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து இல்லை, தீர்ப்பாயத்தின் எழுத்து மூல முடிவில் போட்டிருக்கும் தேதியிலிருந்து. பிடிஎஃப் கோப்பின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

கலா_வளசரவாக்கம் | ஞாயிறு, காலை 7:05

3ஆம் தேதி என்று இருக்கிறது அண்ணா.

மெல்பர்ன்_மூர்த்தி | ஞாயிறு, காலை 7:31

அப்படியென்றால் கடைசி நாள் நவம்பர் 7, வெள்ளிக்கிழமை. நேற்று நீங்கள் எழுதும்போதே 16 நாள் இல்லை, 13தான். நடுவில் 4ஆம் தேதி செவ்வாய் குதிரைப் பந்தய விடுமுறை, மெல்பர்னில் ஒருவரும் போன் எடுக்க மாட்டார்கள். முந்தின திங்களும் பாதிப் பேர் லீவு போட்டிருப்பார்கள். அதையும் கழித்துக்கொள்ளுங்கள். நாள் தவறினால் காலநீட்டிப்பு கேட்கலாம், ஆனால் ஏன் தாமதம் என்பதற்கும் வழக்கில் சத்து இருக்கிறது என்பதற்கும் காரணம் காட்ட வேண்டும். அதில் தோற்றால் அதன் மேல் வழக்கமான மேல்முறையீடும் கிடையாது. அந்தச் சந்துக்குள் போகவே வேண்டாம்.

கோடம்பாக்கத்துக்காரரைப் பற்றி. ஆஸ்திரேலியாவிலேயே பதிவு பெற்ற குடிவரவு முகவர் கூட நீதிமன்றத்தில் வாதாட முடியாது, வழக்கறிஞர்தான் வர வேண்டும். அந்த வழக்கறிஞரும் இந்த வழக்கில் வெற்றிக்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று தன் பெயரில் எழுத்தில் சான்று கொடுத்துத்தான் மனு போட முடியும். சும்மா போட்டுப் பார்ப்போம் என்று வழக்கைத் தூண்டிவிட்டால் அவரிடமே செலவுத்தொகையை வசூலிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதனால் நல்ல வழக்கறிஞர் முதலில் கேட்பது பணத்தை இல்லை, தீர்ப்பாயத்தின் முடிவை. தோற்றால் அமைச்சர் தரப்பின் செலவையும் பெரும்பாலும் தம்பியே கட்ட வேண்டி வரும், இதையும் அம்மாவிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்று. வழக்குப் போட்டவுடன் பிரிட்ஜிங் விசா, அதாவது முடிவு வரும்வரை தங்க விடும் தற்காலிக விசா, தானாக நீளாது. நீதிமன்ற வழக்கைக் காட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். என்னோடு படகில் வந்த ஒருவன் இதை மறந்து, வேலைக்குப் போன இடத்தில் பிடிபட்டான்.

கலா_வளசரவாக்கம் | ஞாயிறு, மதியம் 1:48

வக்கீல் சார், மூர்த்தி அண்ணா, முடிவை முழுவதும் உட்கார்ந்து படித்தேன். 58 பத்திகள். மறுத்ததற்கு முக்கியமாக இரண்டு காரணம். தம்பியை 2016இல் வெள்ளை உடையில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். 41ஆம் பத்தியில் இப்படி இருக்கிறது, தமிழில் தருகிறேன்: "விண்ணப்பப் படிவத்தில் தாம் பிடிக்கப்பட்டது ஜூன் 28 என்று கூறியிருந்த விண்ணப்பதாரர், விசாரணையில் அது ஜூலை நடுப்பகுதி என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நடந்த இத்தகைய நிகழ்வின் காலத்தை ஒருவர் இப்படி மாற்றிச் சொல்வது அதன் நம்பகத்தன்மையைக் குலைக்கிறது." 44ஆம் பத்தியில், 2017இல் வந்தவர் 2019 வரை ஏன் பாதுகாப்பு கேட்கவில்லை என்பது.

தம்பியிடம் போனில் கேட்டேன். ஜூலை என்ற சொல்லே என் வாயில் வரவில்லை அக்கா என்று அழுகிறான்.

அண்ணாநகர்_சுந்தர் | ஞாயிறு, மாலை 4:15

மன்னிக்கவும், வலிக்கும்தான், ஆனால் கேட்கத் தோன்றுகிறது. ஜூன் என்று எழுதிவிட்டு ஜூலை என்று சொன்னால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? பதற்றத்தில் சொல்லியிருப்பார், இப்போது மறந்திருப்பார்.

பாரிமுனை_வக்கீல் | ஞாயிறு, மாலை 5:20

சுந்தர் சொல்வதுபோல இருந்தால் வழக்கு இல்லை. நம்பினேன், நம்பவில்லை என்பது தீர்ப்பாயத்தின் வேலை. அதில் கோர்ட் கை வைக்காது. ஆனால் சொல்லவே இல்லை என்று பையன் சத்தியம் செய்கிறான் என்றால் ஊகித்துக்கொண்டிருக்காதீர்கள். விசாரணையின் ஒலிப்பதிவு இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். கேட்டு வாங்கிக் காதால் கேளுங்கள். தமிழில் அவன் சொன்னது, மொழிபெயர்ப்பாளர் சொன்னது, இரண்டையும் தனித்தனியாக.

கலா_வளசரவாக்கம் | புதன், 29 அக்டோபர், இரவு 11:36

கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

ஒலிப்பதிவைத் தம்பி வாங்கி அனுப்பினான். இரண்டு மணி நேரத்துக்கு மேல். நானும் மகனும் மடிக்கணினியில் போட்டுக் கேட்டோம். 52ஆவது நிமிடத்தில் எப்போது பிடித்தார்கள் என்று கேள்வி. தம்பி சொல்கிறான்: "ஆனி கடைசியிலை." மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்கிறார்: ஜூலை நடுப்பகுதி. உடனே அடுத்த கேள்வி. நான் இரண்டு முறை கேட்டும் எனக்கே ஒன்றும் உறைக்கவில்லை. மகன் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஆனி 32 என்றால் ஜூலை 16, மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தானே சொல்லியிருக்கிறார் அம்மா என்கிறான். அவன் இங்கே பிறந்த பிள்ளை.

அடுப்படியிலிருந்து அம்மா கத்தினார்: "ஆனி எண்டால் ஜூன் தானேடா!"

பதினேழு வருடம் சென்னையில் இருந்து எனக்கே மறந்துபோயிருக்கிறது. ஊரில் தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பிப்ரவரி, ஆனி என்றால் ஜூன். ஒன்றாம் தேதி தொடங்கி முப்பதாம் தேதி முடிகிற ஆங்கில மாதத்துக்குத்தான் நாங்கள் தமிழ்ப் பெயர் வைத்துக் கூப்பிடுவோம். 1983 ஜூலைக் கலவரத்தை நாங்கள் ஆடிக் கலவரம் என்கிறோம். மொழிபெயர்ப்பாளர் பேச்சைக் கேட்டால் தமிழ்நாட்டுக்காரர் என்று தெரிகிறது. அவர் பஞ்சாங்க மாதத்தைக் கணக்குப் போட்டு மாற்றிச் சொல்லிவிட்டார். தம்பி சொன்ன ஆனி கடைசி, அவன் படிவத்தில் எழுதிய அதே ஜூன் 28.

அண்ணாநகர்_சுந்தர் | வியாழன், 30 அக்டோபர், காலை 5:50

சகோதரி, நான் எழுதியதற்கு மன்னியுங்கள். நானும் அந்த மொழிபெயர்ப்பாளர் இடத்தில் இருந்திருந்தால் இதையேதான் செய்திருப்பேன். என் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் ஆனி என்றால் ஜூலை பாதி வரைக்கும்தான். இப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

மெல்பர்ன்_மூர்த்தி | வியாழன், காலை 6:40

எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. என் கதையில் சிக்கல் மாதத்தின் பெயரால் இல்லை, 'அண்ணா' என்ற சொல்லால். பெரியம்மா மகனை நேர்காணலில் அண்ணா என்றே சொன்னேன், வேறு எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் கூடப்பிறந்த அண்ணன் என்று போய்விட்டது. படிவத்தில் எனக்குச் சகோதரர் இல்லை. இல்லாத அண்ணனை விசாவுக்காக உண்டாக்கினேன் என்று எழுதினார்கள். நான் 2012 கடைசியில் படகில் போனவன், எங்கள் தொகுதிக்கு விரைவு நடைமுறை என்று ஒன்று வைத்திருந்தார்கள். மறுத்தால் மேலே காகிதத்தை மட்டும் பார்ப்பார்கள், பெரும்பாலும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்கவே மாட்டார்கள். விளக்கம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்த முறை 2024 அக்டோபர் 14இல், பழைய தீர்ப்பாயத்தை மூடிப் புதியதைத் திறந்தபோதுதான் ஒழிந்தது.

நீதிமன்றத்தில் நான் வென்றதும் அண்ணா விஷயத்தில் இல்லை. என் மச்சான் இயக்கத்தில் இருந்ததால் எனக்கு என்ன ஆபத்து என்று தனியாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். முடிவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முன்வைத்த கோரிக்கையைக் கவனிக்காமலே விட்டது சட்டப்பிழை என்று நீதிபதி திருப்பி அனுப்பினார். ஆகவே ஆனி கடைசியோடு நின்றுவிடாமல், தம்பி சொன்ன எந்த விஷயம் அந்த 58 பத்தியில் இல்லவே இல்லை என்றும் தேடுங்கள். அகதி இல்லை என்று முடிவு செய்த பிறகு, திருப்பி அனுப்பினால் சித்திரவதை போன்ற பெருந்தீங்கு நேருமா என்று தனியாகப் பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்த்தார்களா, முன்பத்தி எண்களை மட்டும் குறிப்பிட்டுக் கடந்துபோனார்களா என்றும் பாருங்கள்.

மொழிபெயர்ப்புப் பிழைக்கு வழி இல்லாமல் இல்லை. 1999இல் ஒரு இலங்கையர் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் இதே காரணத்துக்காகத் தீர்ப்பாய முடிவை ரத்து செய்தது. மொழிபெயர்ப்பு அப்பழுக்கில்லாமல் இருக்கத் தேவையில்லை, ஆனால் ஆள் தன் வழக்கைச் சொல்ல முடிகிற தரத்தில் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். இன்றே தம்பி ஒரு வழக்கறிஞரிடம் போகட்டும். சான்று பெற்ற இன்னொரு மொழிபெயர்ப்பாளர், அதுவும் ஈழத்துப் பேச்சு தெரிந்தவர், அந்தப் பகுதியைக் கேட்டு எழுதிச் சத்தியக் கடதாசி (பிரமாணப் பத்திரம்) கொடுக்க வேண்டும். புதிய ஆதாரம் எடுபடாது என்று வக்கீல் சொன்னாரே, இது அந்த வகையில் சேராது. விசாரணையில் என்ன நடந்தது என்று காட்டுவது இது.

பாரிமுனை_வக்கீல் | வியாழன், இரவு 9:15

மூர்த்தி சொன்னது சரி. ஆனால் கொண்டாடும் முன் 44ஆம் பத்தியைத் திரும்பப் படியுங்கள்.

பிழை இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பிழை முடிவைப் பாதித்திருக்க வேண்டும். 2024இல் அவர்களுடைய உயர் நீதிமன்றம், அங்கே அதுதான் உச்சம், இதைத் தெளிவாக்கியது: பிழை நடந்திராவிட்டால் முடிவு வேறாக இருந்திருக்க மெய்யான வாய்ப்பு உண்டா என்று பார்க்க வேண்டும், வேறாகத்தான் இருந்திருக்கும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அமைச்சர் தரப்பு என்ன சொல்லும் தெரியுமா? மாதத்தை விட்டுத்தள்ளுங்கள், இரண்டு வருடத் தாமதம் ஒன்றே போதும் மறுக்க என்பார்கள். உங்கள் தரப்பு, 41ஆம் பத்தியில் நம்பிக்கை உடைந்த பிறகுதான் தாமதத்துக்குச் சொன்ன விளக்கத்தையும் தள்ளினார்கள் என்று காட்ட வேண்டும். 44ஆம் பத்தி எந்தச் சொல்லோடு தொடங்குகிறது?

கலா_வளசரவாக்கம் | வியாழன், இரவு 9:32

"மேற்கூறிய முரண்பாட்டின் பின்னணியில்" என்று தொடங்குகிறது சார்.

பாரிமுனை_வக்கீல் | வியாழன், இரவு 9:34

அந்த மூன்று சொல்லை மெல்பர்ன் வழக்கறிஞரிடம் மஞ்சள் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தொழில் ஆசையில் ஒரு வார்த்தை. 2001இல் இந்த மாதிரி முடிவுகளை நீதிமன்றமே தொடக்கூடாது என்று அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். 2003இல் அவர்களுடைய உயர் நீதிமன்றம், அரசியலமைப்பு தந்த அதிகாரத்தை அப்படிப் பறிக்க முடியாது, அதிகார வரம்பை மீறிய முடிவு முடிவே அல்ல என்றது. 1997இல் சந்திரகுமார் வழக்கில், உயர் நீதிமன்றங்களுக்கு ரிட் அதிகாரம் தரும் 226ஆம் பிரிவைப் பற்றி நம் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்.

போரூர்_ராஜன் | வெள்ளி, 31 அக்டோபர், காலை 10:20

இவ்வளவு பாடுபடுவதற்குத் தம்பியைப் பேசாமல் சென்னைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாமே? அக்கா, அம்மா எல்லோரும் இங்கேதான் இருக்கிறீர்கள். அங்கேயே இன்னொரு முறை விண்ணப்பித்தாலும் ஆகாதா?

கலா_வளசரவாக்கம் | வெள்ளி, காலை 11:02

ராஜன் அண்ணா, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். நாங்கள் இங்கே இருப்பதே போலீஸ் நிலையத்தில் பதிந்த ஒரு காகிதத்தின் மேல். வெளியே போவதென்றால் சாஸ்திரி பவனில் அனுமதிக்கு நிற்க வேண்டும். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிக்கென்று சட்டமும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் எங்கள் நாட்டின் பெயர் இல்லை. இந்த வருடம் மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓர் ஈழத்தமிழரின் மனுவில் இந்தியா தர்மசாலை அல்ல என்று சொன்னதை நீங்களும் படித்திருப்பீர்கள். சுற்றுலா விசாவில் வந்து மூன்று மாதம் எங்கள் கூடத்தில் படுத்திருக்கலாம். அதற்குப் பிறகு?

மெல்பர்ன்_மூர்த்தி | வெள்ளி, மதியம் 12:10

இரண்டாம் முறை பாதுகாப்பு விசாவுக்கு ஆஸ்திரேலியாவுக்குள் இருந்துகொண்டு விண்ணப்பிக்கச் சட்டம் தடுக்கிறது, அமைச்சரே தனிப்பட அனுமதித்தால் ஒழிய. அந்த அனுமதியை எதிர்பார்த்து நாளைக் கடத்தக்கூடாது.

கலா_வளசரவாக்கம் | வியாழன், 6 நவம்பர், இரவு 8:25

நேற்று மனு போட்டாயிற்று. வழக்கறிஞர் சனிக்கிழமையே முடிவையும் ஒலிப்பதிவையும் வாங்கிக்கொண்டார். ஈழத்து மொழிபெயர்ப்பாளர் ஒரு அம்மா கிடைத்தார், வவுனியாக்காரர். தை முதல் மார்கழி வரை எங்கள் வழக்கத்தில் எந்த மாதம் எது என்று ஒரு பக்கம் எழுதிச் சத்தியக் கடதாசியோடு இணைத்திருக்கிறார். இரண்டாவது காரணமாக, அம்மம்மா வீட்டுக்கு 2018இல் வந்து தம்பியைக் கேட்டுப் போனதைப் பற்றி முடிவில் எதுவுமே இல்லை என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். கட்டணத்தைக் குறைக்கக் கேட்டுத் தனி விண்ணப்பம். பிரிட்ஜிங் விசாவுக்கும் இன்று போட்டுவிட்டான்.

வழக்கில் தம்பியின் பெயரே இல்லை, சில ஆங்கில எழுத்தும் 25 என்ற எண்ணும்தான். பயந்து கேட்டேன். பாதுகாப்பு கேட்டவர் பெயரை நீதிமன்றம் வெளியிடக்கூடாது என்பது சட்டமாம். அம்மா அந்த எழுத்துகளைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வாங்கிச் சாமிப் படத்துக்குக் கீழே செருகி வைத்திருக்கிறார். கோடம்பாக்கத்துக்காரர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

எவ்வளவு நாள் ஆகும் அண்ணா?

மெல்பர்ன்_மூர்த்தி | வியாழன், இரவு 10:50

நாள் கணக்கில்லை தங்கச்சி, வருடக் கணக்கு. முதலில் அமைச்சரின் வழக்கறிஞர்களிடமிருந்து ஒரு பதில் வரும். அதில், மனுவைச் செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்ய வேண்டும் என்று இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள், அதைப் பார்த்து அம்மா சாப்பிடாமல் இருக்க வேண்டாம். பிறகு ஆவணங்களை எல்லாம் கட்டி ஒரு தடித்த புத்தகம் அனுப்புவார்கள், கோர்ட் புக் என்று பெயர். அது வந்ததும் தம்பி வழக்கறிஞரோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கட்டும். மனுவைத் திருத்த வாய்ப்பு கிடைப்பது அப்போதுதான். வீடு மாறினால் முகவரியை நீதிமன்றத்துக்கும் குடிவரவுத் துறைக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், ஒன்றுக்குச் சொன்னால் மற்றதுக்குப் போகாது.

மகள் கல்யாணம் தை 28. எங்கள் தை. மண்டபத்துக்காரர் பிப்ரவரி 11 என்று எழுதி வைத்திருந்தார், நேற்றுப் போய்த் திருத்திவிட்டு வந்தேன்.